சிங்கப்பூரில் நடைப்பயணம்: நீளத்தைவிட நிழலைப் பாருங்கள்

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அப்பாவை, சமதரைதானே என்று, இப்போது நடைபாதையாகிவிட்ட பழைய ரயில்பாதையில் (ரயில் காரிடார்) காலை பத்து மணிக்கு நடக்க வைத்தேன். வெட்டவெளிப் பகுதி வந்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இன்றும் மனம் உறுத்துகிறது. 24 கிலோமீட்டர் பாதை அது. முழுவதும் நடக்க வேண்டியதில்லை. ஹில்வியூவில் தொடங்கிப் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் முடித்துக்கொள்ளுங்கள், அதிகாலையில்.

வெயில் காலத்துக்கு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காடுதான் என் தேர்வு. மரங்களின் உச்சியை ஒட்டி 250 மீட்டர் தொங்குபாலம். காலடியில் பச்சைக் கடல். அப்பா அங்கே பேச்சையே மறந்தார். ஆனால் பாலம் ஒருவழிப்பாதை, பெரும்பாலான திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வர ஏறக்குறைய 11 கிலோமீட்டர் என்பதால், பெரியவர்களின் கால்பலத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புக்கிட் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. முழங்கால் வலி இருந்தால் படிகளை விட்டுத் தார்ச்சாலையில் மெதுவாக ஏறுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிச் செல்லாதீர்கள், குரங்குகளின் கண் அதில்தான். இடி கேட்டால் பாதி வழியானாலும் திரும்பிவிடுங்கள்.