எமர்ஜென்சி வாசலிலேயே பாதி பில் முடிவாகிவிடும்: ஊருக்கு வருபவர்கள் கவனிக்க

தனியார் மருத்துவமனை பில்லைப் பார்த்து டிஸ்சார்ஜ் அன்று அதிர்ச்சி அடைபவர்கள் பலர். ஆனால் அந்தத் தொகையில் பெரும்பங்கு, ஸ்ட்ரெச்சர் உள்ளே போன முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிட்டிருக்கும். எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், என்ன பெயரில் பதிந்தீர்கள், எந்த ரூம் கேட்டீர்கள், காப்பீட்டுக்காரர்களுக்கு யார் போன் செய்தார் என்ற நான்கும்தான் அதைத் தீர்மானிப்பவை. தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

எங்கே போவது

108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். வழியில் பிடிக்கும் தனியார் ஆம்புலன்ஸில் ஏறினால் முதல் பில் அங்கேயே ஆரம்பம்.

பாம்புக்கடி, நாய்க்கடி, விஷம், பெரிய சாலை விபத்து என்றால் அரசு மருத்துவமனைதான் எங்கள் முதல் பரிந்துரை. செலவு மட்டும் காரணமல்ல. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் கையிருப்பில் இருக்கும், அதைக் கொடுத்துப் பழகிய கைகளும் அங்கேதான் அதிகம். கிராமத்துக்குப் போயிருக்கும்போது கடித்தால் சென்னைக்கு வண்டி பிடிக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எது பக்கமோ அங்கே போங்கள்.

நெஞ்சுவலிக்குக் கணக்கு வேறு. தெருமுனை நர்சிங் ஹோமில் சேர்த்து, இ.சி.ஜி. எடுத்து, ஒரு நாள் ஐ.சி.யூ.வில் வைத்த பிறகு “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்பார்கள். இரண்டு பில், நடுவில் ஆம்புலன்ஸ் செலவு, திரும்பி வராத நேரம். 24 மணி நேரமும் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்து நீக்கும் அறை) இயங்கும் இடம் ஊருக்குப் பக்கத்தில் எது என்று வந்த முதல் வாரமே விசாரித்து வையுங்கள், அரசுக் கல்லூரி மருத்துவமனையையும் சேர்த்தே. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, சாதாரணக் காய்ச்சல் என்றால் கார்ப்பரேட் எமர்ஜென்சிக்குப் போகத் தேவையில்லை. உறவினர் வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவரே போதும், அவர் சொன்னால் அப்புறம் போகலாம்.

அட்வான்ஸ் கட்டினால்தான் தொடுவோம் என்று எமர்ஜென்சியில் சொன்னால் ஏற்காதீர்கள். உயிர்காக்கும் முதல் சிகிச்சையைத் தருவது அரசு, தனியார் இருவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கடமை நோயாளியை நிலைப்படுத்தும் வரைதான். அதற்குப் பிறகான சிகிச்சைக்குப் பணம் கேட்பார்கள், கேட்கவும் உரிமை உண்டு.

சாலை விபத்து என்றால் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும்: “இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா?” 2021 டிசம்பரில் தொடங்கிய மாநிலத் திட்டம் இது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு, வெளிநாட்டவரானாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தொடக்கத்தில் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. 2025 மே மாதம் மத்திய அரசும் சாலை விபத்துக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது. இரண்டையும் நீங்கள் கேட்காமல் யாரும் எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். விபத்துப் பதிவேட்டில் பதிந்த ஏ.ஆர். நகலை அன்றே வாங்கிவிடுங்கள், பின்னால் காப்பீடு, போலீஸ் இரண்டுக்கும் அதுதான் அடிப்படை.

பெயரும் டாரிஃபும்

நோயாளி உள்ளே இருக்க, பதிவு கவுன்டரில் நிற்பது பெரும்பாலும் மாமாவோ மச்சானோ. “பேர் என்ன?” என்றால் வீட்டில் கூப்பிடும் பெயரையோ, ‘எஸ். குமார்’ என்று இனிஷியல் போட்ட பெயரையோ சொல்லிவிடுவார். கடவுச்சீட்டில் ‘குமார் சுப்பிரமணியம்’ என்று இருக்கும். வயதும் குத்துமதிப்பாக விழும். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், ரசீது எல்லாம் அந்தப் பெயரிலேயே அச்சாகி வந்தபின், இந்த ஆள் யார் என்று டொரன்டோவில் உட்கார்ந்திருக்கும் கிளைம் அதிகாரி கேட்பார். கடவுச்சீட்டின் படத்தை உறவினர் இருவரின் போனிலாவது போட்டு வையுங்கள், பதிவு அதைப் பார்த்தே நடக்கட்டும்.

சில மருத்துவமனைகளில் வெளிநாட்டு நோயாளிக்கென்று தனி விலைப்பட்டியல் (டாரிஃப்) உண்டு, உள்ளூர் விலையைவிட அது கூடுதல். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எந்த நாட்டில் வேலை செய்தாலும் உள்ளூர் டாரிஃபையே கேட்க வேண்டும். ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் “எந்த டாரிஃபில் போடுகிறீர்கள்?” என்று சேர்க்கும்போதே கேளுங்கள். கடவுச்சீட்டை மறைத்து உள்ளூர் ஆள் போலப் பதிவது மட்டும் வேண்டாம், மேலே சொன்ன பெயர்ச் சிக்கலில்தான் அது கொண்டுபோய் விடும்.

ரூம் என்பது வாடகை மட்டுமல்ல

‘நாள் வாடகை கொஞ்சம்தான் கூட, சிங்கிள் ரூமே போடுங்கள்’ என்று சொல்வதுதான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. பல தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் விசிட், அறுவைக் கட்டணம், தியேட்டர், சில பரிசோதனைகள்கூட ரூம் வகையைப் பொறுத்து ஏறும். அதே டாக்டர், அதே ஆபரேஷன், ஜெனரல் வார்டுக்கு ஒரு விலை, டீலக்ஸுக்கு இன்னொரு விலை. ஐ.சி.யூ. அல்லாத ரூமின் நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி இது: “இந்த ரூமுக்கு மாறினால் மொத்த எஸ்டிமேட் எவ்வளவு கூடும்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவம் தெரியாத நமக்கு எஸ்டிமேட்டே பிடிமானம். அது தாண்டப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லச் சொல்லி அதிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள்.

போன் யார் செய்வது

பயணக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள 24 மணி நேர எண்ணுக்குச் சேர்த்த அன்றே பேசி, கேஸ் எண் வாங்க வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டி போன்ற பெரிய சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்பார்கள். சொல்லாமல் செய்தால் சில பாலிசிகளில் தொகை வெட்டுப்படும். பெரிய நகர மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதத்தை ஏற்கும். சிறிய ஊர்களில் அதை எதிர்பார்க்க முடியாது, கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு கிளைம் செய்வதுதான் நடக்கும்.

கிளைம் மறுக்கப்பட அடிக்கடி காரணமாவது ஏற்கெனவே உள்ள நோய். கனடா பாலிசிகளில் 90 நாள், 180 நாள் என ஒரு ‘நிலையான காலம்’ (பயணத்துக்கு முன் நோயும் மருந்தும் மாறாமல் இருக்க வேண்டிய நாட்கள்) இருக்கும். அந்தக் காலத்துக்குள் பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டியிருந்தால் மட்டுமல்ல, குறைத்திருந்தால்கூடப் பல பாலிசிகள் அதை மாற்றம் என்றே கொள்ளும். டிக்கெட் போட்டபின் மருந்து மாறினால் காப்பீட்டாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வசிக்கும் நாட்டின் பொதுக் காப்பீட்டை நம்பி வருவது பற்றி: பிரிட்டனின் என்.எச்.எஸ். இந்தியாவில் எதுவும் தராது. அமெரிக்க மெடிகேரும் பொதுவாக அப்படித்தான். ஒன்டாரியோவின் ஓஹிப் உள்நோயாளிக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடா டாலர் வரை தரும், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸில் இருப்பவர்களுக்கு நிலைமை நல்லது. அடிப்படைக் காப்பீடே வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு, அதே சிகிச்சை சுவிஸில் ஆகும் செலவின் இரு மடங்கு வரை ஏற்கும். நம் ஊர் பில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், வழக்கமான சுயபங்கு போக.

தினமும் பில் பார்ப்பது

தினமும் காலையில் இன்டரிம் பில் (அதுவரை ஆன கணக்கு) கேளுங்கள், மொத்தத் தொகை மட்டும் வேண்டாம், விவரப் பட்டியலோடு. கண் போக வேண்டிய இடம் பார்மசிப் பகுதி. வார்டிலிருந்து பாராசிட்டமால் ட்ரிப் 12 பாட்டில் எடுத்ததாக இருக்கும். நர்ஸ் வைத்திருக்கும் மருந்து சார்ட்டில் 7 வேளைக்கு மட்டும் டிக் இருக்கும். மீதி 5, ரிட்டர்ன் என்று கழிந்து வர வேண்டும். பெரும்பாலும் மோசடி இருக்காது, அவசரத்தில் ரிட்டர்ன் போட மறந்திருப்பார்கள், ஆனால் காசு உங்களுடையது. கையுறை, சிரிஞ்சு, கேனுலா எண்ணிக்கையையும் இப்படியே பாருங்கள். ஐ.சி.யூ. வாடகையைப் போட்டுவிட்டு மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் என்று தனித்தனியாகவும் போட்டிருந்தால், வாடகையில் எது எது அடக்கம் என்று கேளுங்கள்.

இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரி முதல் அரசின் உச்சவிலை உண்டு. பில்லில் ஸ்டென்டின் விலை, பிராண்ட், பேட்ச் எண் தனியாக வர வேண்டும். பெட்டியில் இருந்த ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய மாலையே டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு, பில் தயாரிப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். மதியம் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை விழும் இடங்கள் உண்டு. வீட்டுக்கான மாத்திரையை மூன்று நாளைக்கு மட்டும் அங்கே வாங்கினால் போதும், மிச்சத்தை மலிவு விலையில் விற்கும் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம்.

பணம் கட்டும்போது

ஒரு நிகழ்வுக்கு 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது. நாள் பிரித்துக் கட்டினாலும் ஒரே சிகிச்சை ஒரே நிகழ்வுதான். ஆகவே கார்டின் வெளிநாட்டு வரம்பைக் கிளம்பும் முன்பே வங்கியில் உயர்த்தி வையுங்கள். ஸ்வைப் மெஷின் “டாலரா, ரூபாயா?” என்று கேட்டால் ரூபாய் என்று அழுத்துங்கள். டாலர் என்றால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

தள்ளுபடி கேட்கத் தயங்க வேண்டாம், கவுன்டரில் இருப்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவருக்கு அதிகாரம் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டரையோ மெடிக்கல் சூப்பரின்டென்டென்டையோ பாருங்கள். மருந்து, இம்ப்ளான்ட் விலையில் அசைய மாட்டார்கள். ரூம், தியேட்டர், மருத்துவமனைக் கட்டணங்களில் அசைவார்கள்.

பில்லில் தகராறு என்பதற்காக நோயாளியை அனுப்ப மறுப்பது, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்துக்கு எதிரானது. ஏற்கும் தொகையைக் கட்டி, மீதித் தொகைக்கு ஆட்சேபம் உண்டு என்று எழுதிக் கொடுங்கள். புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் நீங்களாக வெளியேறினால் ‘லாமா’ (மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறியவர்) என்று எழுதிவிடுவார்கள், காப்பீட்டுக்காரர்களுக்கு அது கிளைமை மறுக்கக் கிடைத்த காரணம்.

விமானம் ஏறும் முன் கையில் இருக்க வேண்டியவை: முத்திரையிட்ட இறுதி பில் விவரத்தோடு, ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் சி.டி., விபத்தானால் ஏ.ஆர். நகல், போர்டிங் பாஸ். சிகிச்சைப் பதிவேட்டின் நகல் தனியாக வேண்டுமானால் எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், எனவே கிளம்பும் நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.