கருவிப்பெட்டிக்கு ஃபோம் வெட்டுவோர் செய்யும் தவறுகள்

கருவிப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்துப் பார்த்தால், உள்ளே வெட்டி வைத்த ஃபோம் பெரும்பாலும் கச்சிதமாகவே தெரியும். குறை வெளிப்படுவது பெட்டியை மூடி, கைப்பிடியைப் பிடித்து நிமிர்த்தித் தூக்கும்போதும், பக்கி (பிக்கப்) வண்டியின் பின்தட்டில் வைத்துச் சரளைச் சாலையில் ஓட்டும்போதும், டர்பன் கோடைக்காற்றில் இரண்டு மாதம் மூடிக் கிடந்தபிறகும்தான். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிறவர்கள், ப்ராஸ்பெக்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் மின்பணியாளர்கள் எல்லோருக்கும் இந்த மூன்றும் அன்றாடம். ஆகவே மூடிய பெட்டியை, நிமிர்ந்து நிற்கும் பெட்டியை மனத்தில் வைத்துத்தான் ஃபோமை வெட்ட வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

சோபா ஃபோமை எடுத்து வெட்டுவது

மெத்தைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் துண்டுகள் பாலியூரித்தேன். அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்தவை. பஞ்சுபோல ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோரக் காற்றில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது. இரும்புக் கருவி அந்த ஈர ஃபோமைத் தொட்டுக்கொண்டே கிடப்பதால், தொடும் இடமெல்லாம் துரு பிடிக்கிறது. எண்ணெய், பெட்ரோல், பிரேக் திரவம் பட்டாலும் உறிஞ்சிவிடும். பிறகு சுத்தம் செய்யவே முடியாது.

பாலியூரித்தேனிலும் பாலியஸ்டர் வகை நம் பகுதிக்கு மிக மோசமானது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் வேதிப்பிணைப்புகளே அறுந்துபோகும். சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, தொட்டால் பொடியாக உதிரும். அந்தப் பொடி அளவுக்கருவிகளின் திருகு, சக்கரம், பொத்தான் இடுக்குகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய கேமரா பெட்டிகளில் இதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

கருவிப்பெட்டிக்கு ஏற்றது மூடிய அறை கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம். கன மீட்டருக்கு 30 முதல் 45 கிலோ அடர்த்தி பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். குறுக்குப்பிணைப்பு உள்ள வகை சற்று விலை கூடுதல். ஆனால் அறைகள் மிக நுண்ணியவை என்பதால் வெட்டுமுகம் வழுவழுப்பாக வரும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சிறு துண்டை நீருக்குள் வைத்து அமுக்கி விடுங்கள். எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடிகிறதென்றால் அது திறந்த அறை.

தெர்மோகோலையும், அதாவது பாலிஸ்டைரீன் ஃபோமையும், தவிர்க்க வேண்டும். மின்கம்பிகளின் பிவிசி உறையில் இருக்கும் மென்மையூட்டி எண்ணெய், பாலிஸ்டைரீனை மெல்லக் கரைக்கும். மல்டிமீட்டரின் கம்பி தெர்மோகோலில் பதிந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

எடையைப் பார்க்காமல் கெட்டித்தன்மையைத் தேர்வது

கெட்டியான ஃபோம் என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது பரவலான பிழை. கருவி விழும்போது ஃபோம் அமுங்க வேண்டும். அமுங்கினால்தான் அதிர்ச்சி குறையும். 300 கிராம் எடையுள்ள மீட்டர் கெட்டிப் பாலிஎத்திலீன்மேல் கிடந்தால் ஃபோம் அமுங்கவே அமுங்காது. பலகைமேல் வைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. மாறாக, 3 கிலோ துளைக்கருவியை மென்மையான ஃபோமில் வைத்தால் முழுதும் அமுங்கி, கருவி பெட்டியின் அடியையே இடிக்கும்.

எளிய கணக்கு ஒன்று உண்டு. கருவியின் எடையை, அது ஃபோமைத் தொடும் பரப்பால் வகுங்கள். 2 கிலோ கருவி 200 சதுர செ.மீ. பரப்பில் அமர்ந்தால், சதுர செ.மீ.க்கு 10 கிராம். அதே கருவி 40 சதுர செ.மீ. பரப்பில் நின்றால் 50 கிராம். அந்த இடத்துக்கு ஐந்து மடங்கு பளு. கனமான, குறுகிய கருவிகளுக்கு அடியில் அடர்த்தியான துண்டு, லேசான மீட்டருக்கு அடியில் மென்மையான ஃபோம் என்று ஒரே பெட்டிக்குள் இரண்டு வகையை வைப்பதே முறை. எல்லாவற்றையும் ஒரே தாளில் வெட்டினால் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

மின்சுற்றுப் பலகைகளுக்காகக் கிடைக்கும் கறுப்பு நிற மின்கடத்தும் ஃபோமில் பேட்டரியையோ, பேட்டரி போட்ட கருவியையோ வைக்கக் கூடாது. இரண்டு முனைகளும் ஃபோமைத் தொட்டால் பேட்டரி மெல்ல வடிந்துகொண்டே இருக்கும்.

கீல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அடுக்குவது

எங்கள் கணிப்பில் மிகப் பெரிய தவறு இதுதான். இவ்வகைப் பெட்டிகளில் கைப்பிடி பெரும்பாலும் கீலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கீல் பக்கம்தான் தரை. மேசைமேல் அடித்தளம் தாங்கிய எடை முழுவதும், தூக்கிய நொடியில் குழிகளின் கீல்பக்கச் சுவர்மேல் போய் விழுகிறது.

இதிலிருந்து மூன்று விதிகள் வருகின்றன. கனமானவை கீலை ஒட்டி, இட வலமாகச் சமநிலையில் இருக்க வேண்டும். கைப்பிடி ஓரம் லேசானவற்றுக்கு. கனமான கருவிக்கும் கீல் பக்க ஓரத்துக்கும் இடையே குறைந்தது 30 மி.மீ. ஃபோம் விட வேண்டும். மற்ற ஓரங்களில் 20 முதல் 25, குழிகளுக்கு இடையில் 12 முதல் 15 மி.மீ. போதும். மூன்றாவது, நீளமான கருவிகள் கீலுக்கு இணையாகப் படுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் கூர்முனை கீலைப் பார்த்திருந்தால், தூக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முழு எடையும் ஒரே புள்ளியில் இறங்கும். சில மாதங்களில் அது சுவரைத் துளைத்து அடுத்த குழிக்குள் போய் நிற்கும். வெர்னியர், உளி, மரையிடும் கருவி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வெட்டும் முன், ஒவ்வொரு கருவியையும் அட்டையில் வரைந்து கத்தரித்து, அட்டைகளைப் பெட்டியின் அளவுக்கு வெட்டிய காகிதத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள். மூடியின் பூட்டு, கீல் மேடு, காற்றுத் திருகு (உள்ளும் வெளியும் காற்றழுத்தத்தைச் சமன்படுத்தும் திருகு) இருக்கும் இடங்களையும் குறித்துவிடுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தால் ஒரு ஃபோம் தாள் மிஞ்சும்.

பெட்டியின் வாயை மட்டும் அளப்பது

வார்ப்புப் பெட்டிகள் அச்சிலிருந்து கழன்று வருவதற்காகவே அடியில் சற்றுக் குறுகலாக இருக்கும், மூலைகளும் வளைந்திருக்கும். வாயின் அளவுக்கு வெட்டிய ஃபோம் அடியில் இறுகி, நடுவில் மேடு தட்டும். அந்த மேட்டில் எந்தக் குழியும் சரியாக அமராது. அடியையும் வாயையும் தனித்தனியே அளந்து, ஒவ்வோர் அடுக்கையும் அது உட்காரும் உயரத்தின் அளவுக்கு வெட்ட வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் 2 மி.மீ. கூடுதலாக விட்டால் ஒட்டாமலேயே பிடித்து நிற்கும்.

பேனாவைச் சாய்த்து வரைவது

கருவியை ஃபோம்மேல் வைத்துச் சுற்றி வரையும்போது பேனா உள்பக்கம் சாய்ந்தால் கோடு கருவிக்கு அடியில் போகும்; வெளிப்பக்கம் சாய்ந்தால் 3, 4 மி.மீ. விலகும். ஒரே வெளிக்கோட்டில் இரண்டும் நடக்கும். மெல்லிய முனையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ஃபோம்மேல் நேரே வரையாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் வரைந்தால் கோடு தெளிவாகத் தெரியும், வெட்டியபின் உரித்துவிடலாம்.

கைபேசியில் படமெடுத்து அச்சிடுகிறவர்கள் அருகிலிருந்து எடுக்கக் கூடாது. கருவியின் மேல்விளிம்பு லென்ஸுக்கு நெருக்கம் என்பதால் படத்தில் பெரிதாக விழும். ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து, ஜூம் செய்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். படத்தை அளவுகோலின் உண்மை அளவுக்குச் சரிசெய்து, அச்சிடும்போது தாளுக்குப் பொருத்தும் வசதியை அணைத்து 100 விழுக்காட்டில் அச்சிட்டு, அளவுகோலின் 100 மி.மீ. தாளிலும் 100தானா என்று அளந்து பார்த்தபிறகே கத்தியை எடுங்கள்.

கத்தி

மழுங்கிய கத்தி ஃபோமை வெட்டாது, கிழிக்கும். 18 மி.மீ. அகல முனை ஒடிக்கும் கத்தியே ஏற்றது, 9 மி.மீ. அலகு ஆழத்தில் வளைந்து, மேலே கோட்டிலும் அடியில் கோட்டைவிட்டு விலகியும் வெட்டும். பாலிஎத்திலீன் அலகைச் சீக்கிரம் மழுக்கும். நாலைந்து குழிக்கு ஒருமுறை ஒடித்துப் புதுமுனை எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். கையுறை அணியுங்கள், மறு கை அலகின் பாதையில் இருக்கவே கூடாது.

முதல் ஓட்டத்தில் 5 மி.மீ. ஆழம் மட்டும் கீறிப் பாதை போடுங்கள். அடுத்த ஓட்டங்களில் அலகைச் சாய்வாக, நீளமாக இழுத்து ஆழப்படுத்துங்கள். மேலும் கீழும் அறுத்தால் சுவரில் படிப்படியாகத் தழும்பு விழும். மென்மையான ஃபோமைக் கையால் அழுத்திப் பிடித்து வெட்டினால், கை எடுத்ததும் சுவர் உள்வளைந்து நிற்கும்.

மூலைகளில்தான் பெரும்பாலான குழிகள் கெடுகின்றன. கத்தி கோட்டைத் தாண்டிப் போனால் அந்தக் கீறல் பின்னாளில் கிழிசலாகும். எனவே மூலைகளை முதலில் துளையுங்கள். மெல்லிய உலோகக் குழாயின் வாயை உள்பக்கம் அரம் போட்டுக் கூராக்கி, திருகியபடி அழுத்தினால் சுத்தமான வட்டம் வரும். பிறகு வட்டங்களை நேர்க்கோட்டில் இணையுங்கள். விரல் விட்டு எடுக்கும் இடத்துக்கும் இதே வழி, 25 மி.மீ. குழாய். கிரீஸ் கையோடு எடுப்பவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஃபோமைப் பிய்ப்பார்கள்.

தடித்த ஃபோமில் பாதி ஆழம் மட்டும் குடைந்தெடுக்க முயல வேண்டாம். அடி மேடுபள்ளமாகத்தான் வரும். மேல் தாளை முழுதும் துளைத்து வெட்டி, 10 மி.மீ. அடித்தாளில் ஒட்டுங்கள். அடித்தாள் மஞ்சளோ சிவப்போ ஆனால், எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். சர்க்கரை ஆலை இயந்திரத்துக்குள் ஒரு ஸ்பேனர் தங்கிப்போனால் என்ன ஆகும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

குழி எல்லாப் பக்கமும் இறுக்கமாக இருக்கத் தேவையில்லை. பாலிஎத்திலீனில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கருவியைப் பிடித்தால் போதும். மற்ற இடங்களில் 1 மி.மீ. இடைவெளி விடலாம்.

சூடான கம்பியால் வெட்டுவது பாலிஸ்டைரீனுக்கும் பாலிஎத்திலீனுக்கும் சரி, அதுவும் காற்றோட்டமான இடத்தில். பாலியூரித்தேனை ஒருபோதும் அப்படி வெட்டக் கூடாது. ஐசோசயனேட், ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சுப்புகை எழும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

பசை

கான்டாக்ட் பசையை இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிக்கி, பிடிப்பு வராது. ஒட்டியபின் ஒரு நாள் முழுதும் பெட்டி திறந்தே கிடக்கட்டும். புளிக்காடி வாசம் வரும் சிலிகானைப் பசையாகப் பயன்படுத்த வேண்டாம். அது உலரும்போது அசெட்டிக் அமிலம் வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அது போய்த் தங்கும் இடம் உங்கள் இரும்புக் கருவிதான்.

மூடி, காற்று, ஈரம்

கீழ்ப்பக்கம் எவ்வளவு நன்றாக வெட்டினாலும், மூடியின் ஃபோம் கருவியைத் தொடவில்லையென்றால் பெட்டி கவிழும்போது எல்லாம் குழியைவிட்டு எழும்பிவிடும். கருவிகள்மேல் சாக்பீஸ் பொடி தடவி மூடி, பெட்டியை ஒருமுறை கவிழ்த்துத் திருப்பி, மெல்லத் திறந்து பாருங்கள். மூடி ஃபோமில் எந்தக் கருவியின் தடம் விழவில்லையோ அதற்கு மேல் ஒரு துண்டு கூட்டி ஒட்ட வேண்டும். பூட்டை முழு பலத்தோடு அமுக்கினால்தான் மூடுகிறதென்றால் ஃபோம் கூடிப்போயிற்று, கீல் தளரும்.

ரப்பர் வளையம் போட்டு நீர்புகாமல் மூடும் பெட்டிகளில் காற்றுத் திருகின் உள்வாயை ஃபோமால் அடைத்துவிடுவது பலரும் கவனிக்காத தவறு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அங்கே மூடிய பெட்டியை என்3 நெடுஞ்சாலை வழியே கீழே கொண்டுவந்தால், 40க்கு 30 செ.மீ. மூடியின்மேல் கணக்குப்படி 200 கிலோவுக்கு ஈடான விசை அழுத்தும். காற்று போய்வர வழியில்லாமல் மூடி திறக்கவே திறக்காது. நெம்பினால் விளிம்பு உடையும். அந்த இடத்தில் ஃபோமில் விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு விட்டுவிடுங்கள். கையால் திறக்கும் வகைத் திருகானால், வந்து சேர்ந்ததும் முதலில் அதைத் தளர்த்துங்கள்.

இப்படி இறுக மூடும் பெட்டிக்குள் ஈரக் கருவியை வைத்தால் அந்த ஈரமும் வெளியே போகாது. துடைத்து, எண்ணெய்த்துணியால் ஒற்றி வையுங்கள். சிலிகா ஜெல் பைக்கென்று ஒரு குழியை வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். பிறகு இடம் கிடைக்காது. டார்க் ரெஞ்சின் (குறித்த முறுக்குவிசையில் இறுக்கும் ஸ்பேனரின்) அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி, வெர்னியரின் தாடைகளை மயிரிழை திறந்து, லேசர் மட்டக்கருவியின் ஊசலைப் பூட்டிய நிலையில் வைத்துக் குழியை அளந்து வெட்டுங்கள். அந்த நிலையில்தான் அவை பெட்டிக்குள் இருக்கப் போகின்றன.