ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தோடு வாடகைப் பத்திரத்தையும் சேர்த்துப் படியுங்கள்

சென்ற மாதம் வேளச்சேரியிலிருந்து ஓர் இளைஞர் ஃபிரான்சைஸ் (ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை) ஒப்பந்தத்துடன் என்னைப் பார்க்க வந்தார். 40 பக்கங்கள். கட்டணம் பற்றிய பக்கத்தில் மட்டும் பென்சில் கோடுகள். முதல் கடை எடுத்தபோது நானும் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பெயர்ப் பிழை, தேதிப் பிழையை வக்கீல் கவனித்துக்கொள்வார். அவரிடம் காட்டாமல் விடுவதில்தான் பணம் போகிறது.

இரண்டு பத்திரம், இரண்டு கெடு

அண்ணா நகரில் மாதம் 70,000 ரூபாய் வாடகைக்குக் கடை பிடித்தேன். சென்னை வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ். 36 மாதம் காலி செய்யக் கூடாது என்று வாடகைப் பத்திரத்தில் இருந்தது. ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்திலோ, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து எந்தக் காரணமும் சொல்லாமல் நிறுவனம் விலகலாம். இரண்டையும் தனித்தனி வக்கீல்களிடம் காட்டினேன். இருவரும் சரியென்றே சொன்னார்கள்.

14 மாதம் முடிந்ததும் நோட்டீஸ் வந்தது. 16-ஆம் மாதத்தோடு பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். மீதி 20 மாத வாடகை, 14 லட்சம், என் தலையில். கடையின் உரிமையாளர் மீது குற்றமில்லை. பத்திரத்தில் இருந்ததைத்தான் கேட்டார்.

இன்னும் ஆறாதது வேறொன்று. முடிந்த பிறகு 2 ஆண்டுகளுக்கு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற ஃபிரான்சைஸ் ஒப்பந்த விதிக்குப் பயந்து 8 மாதம் கடையைப் பூட்டி வைத்தேன். ஃபிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே பொருந்தும். அதன் 27-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொழிலையே தடுக்கும் விதி பொதுவாகச் செல்லாது. நடப்பில் இருக்கும்வரை செல்லும். அவர்களின் பெயரையும் லோகோவையும் செய்முறை ரகசியத்தையும் தொடாமல் நான் மறுவாரமே கடையைத் திறந்திருக்கலாம். யாரையும் கேட்கவில்லை.

ஆகவே, ஃபிரான்சைஸ் முடிந்தால் 2 அல்லது 3 மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று வாடகைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். கடை உரிமையாளர் மறுத்தால், அவர் கேட்கும் காலம் முடியும்வரை காரணமின்றி விலகுவதில்லை என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். இரண்டில் ஒன்றாவது கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வாய்ப்பேச்சு

“பக்கத்தில் இன்னொரு கிளை தரமாட்டோம்” என்பார்கள். எத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது பேச்சு மட்டுமே.

ராயல்டி

விற்பனையில் நிறுவனத்துக்குக் கொடுக்கும் இந்தப் பங்கு மொத்த விற்பனைக்கா, வரி கழித்த விற்பனைக்கா என்று கேளுங்கள். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

வழக்கு எந்த ஊரில்

கடைசிப் பக்கங்களில் ‘மத்தியஸ்தம் மும்பையில்’ என்று ஒரு வரி இருக்கும். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்வதுதான் மத்தியஸ்தம். சென்னை நிறுவனம் ஒன்று சம்பந்தப்பட்ட இண்டஸ் மொபைல் வழக்கில், 2017-இல், மத்தியஸ்தத்தின் இருப்பிடமாக எந்த ஊர் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துக்கு முன்பே ‘சென்னை’ என்று மாற்றக் கேளுங்கள். மறுத்தால், மும்பை வக்கீல் கட்டணத்தையும் முதலீட்டுக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.