நிர்வாக ஆணை: முற்போக்குத் திட்டங்கள் வழுக்கி விழும் இடங்கள்

2023 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜோ பைடனின் கல்விக் கடன் தள்ளுபடியை 6-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. ஆளுக்கு 10,000 டாலர், பெல் உதவித்தொகை பெற்ற ஏழை மாணவர்களுக்கு 20,000 டாலர் வரை, மொத்தம் சுமார் 43,000 கோடி டாலர். அந்தத் திட்டத்தில் ஒருவருக்கும் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அதே பைடன் பதவியை விட்டுப் போகும்போது 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 18,000 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி ஆகியிருந்தது. பொதுச் சேவையில் இருந்தபடி 10 ஆண்டு தவணை கட்டியவர்கள், வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகள், மோசடிக் கல்லூரிகளிடம் ஏமாந்தவர்கள் ஆகியோருக்குத் தள்ளுபடி தர ஏற்கெனவே சட்டத்தில் இடம் இருந்தது. விண்ணப்பங்கள்தான் தேங்கிக் கிடந்தன. அவற்றைத் தூசி தட்டி, பழைய தவணைக் கணக்குகளைத் திருத்தித் தீர்த்துவைத்தார்கள். மேடையில் முழங்கிய திட்டம் போயிற்று, கோப்பறையில் நடந்த வேலை நின்றது.

இந்த வேறுபாடு புரியாமல்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நிர்வாக ஆணையை நம் ஊரில் பலர் அவசரச் சட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியக் குடியரசுத் தலைவர் 123-ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு, நாடாளுமன்றச் சட்டத்துக்கு உள்ள வலு உண்டு. அமெரிக்க அதிபரின் ஆணை நம் அரசாணைக்குத்தான் நெருக்கமானது. தன் கீழுள்ள துறைகளுக்கு அவர் இடும் கட்டளை அது, அவ்வளவே. அதிலும் செய்தித்தாள்கள் நிர்வாக ஆணை என்று எழுதுபவை எல்லாம் அதுவல்ல. சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் விட்ட 2012-ஆம் ஆண்டின் ‘டாகா’ திட்டம், உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ஜேனட் நபோலிடானோ கையெழுத்திட்ட குறிப்பாணை. மேலே சொன்ன கடன் தள்ளுபடி கல்விச் செயலரின் முடிவு. கையெழுத்து யாருடையது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1946-இன் நிர்வாக நடைமுறைச் சட்டம் துறைகளைக் கட்டுப்படுத்தும். அதிபரை அது கட்டுப்படுத்தாது என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதிபரின் ஆணையைச் செயல்படுத்தப்போவது துறைகள்தானே, வழக்கும் அங்கேதான் வரும்.

அடியில் சட்டம் இல்லாத ஆணை

‘அரசியலமைப்பும் சட்டங்களும் எனக்கு அளித்துள்ள அதிகாரத்தின்படி’ என்று தொடங்கினால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். 1952 ஏப்ரலில் கொரியப் போரைக் காரணம் காட்டி ஹாரி ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தினார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய அளவுகோல்தான் இன்றும் கையாளப்படுகிறது: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதிகாரம் கொடுத்திருந்தால் அதிபரின் கை ஓங்கியிருக்கும், காங்கிரஸ் பேசாமல் இருந்தால் அது மங்கலான பகுதி, காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் அவர் மிக மிக பலவீனமானவர். ஆகவே வரைவு எழுதும் முன் பார்க்க வேண்டியது, இதே யோசனை மசோதாவாக வந்து தோற்றிருக்கிறதா என்பதை.

சட்டம் இருந்தாலும் அதன் கொள்ளளவைப் பார்க்காமல் ஊற்றுவது இன்னொரு தவறு. கொரோனா காலத்தில் வீட்டு வாடகைதாரர்களை வெளியேற்றத் தடை போட்டது நோய்க் கட்டுப்பாட்டு மையம். அது நம்பியிருந்த 1944-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிடுதல், கிருமிநீக்கம், பூச்சி ஒழிப்பு என்று பட்டியலிடும் சட்டம். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் தடுப்பூசி அல்லது வாராந்தரப் பரிசோதனை என்ற விதி சுமார் 8.4 கோடித் தொழிலாளரைத் தொட்டது. அதை 2022 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதே நாளில், முதியோர், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்டு நிதி வாங்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கான தடுப்பூசி விதியை அதே நீதிமன்றம் 5-4 என்று அனுமதித்தது. ‘என் பணத்தை வாங்குகிறாய், நிபந்தனைக்குக் கட்டுப்படு’ என்பதற்குச் சட்டத்தில் நேரடிப் பிடி இருந்தது. நாட்டையே தொடும் மாற்றத்துக்குக் காங்கிரஸின் தெளிவான அனுமதி வேண்டும் என்ற வாதம், 2022-இல் மின்நிலையக் கரியுமிழ்வு வழக்குக்குப் பிறகு, எதிர்த்தரப்பின் முதல் ஆயுதம்.

பிடி உறுதியாக இருக்கும் இடம் அரசு ஒப்பந்தங்கள். 1941-இல் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழிலில் இனப் பாகுபாட்டைத் தடுத்ததும் (கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி அறிவித்த நெருக்கடியில்தான்), 2014-இல் ஒபாமா ஒப்பந்தத் தொழிலாளர்க்கு மணிக்கு 10.10 டாலர் நிர்ணயித்ததும் அந்த வழியில். அதற்கும் எல்லை உண்டு. வேலைநிறுத்தம் செய்வோருக்குப் பதில் நிரந்தரமாக ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரர்களை விலக்க 1995-இல் கிளின்டன் போட்ட ஆணை, தொழிலாளர் உறவுச் சட்டத்தோடு மோதுகிறது என்று மறு ஆண்டே ரத்தானது.

விதி எழுதும் வேலையைத் தவிர்ப்பது

குடிமக்கள், நிறுவனங்கள் மேல் கடமையை ஏற்ற வேண்டுமானால் துறை விதி எழுத வேண்டும். வரைவு, வெள்ளை மாளிகையில் ஓஐரா என்று சுருக்கி அழைக்கப்படும், விதிகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தின் ஆய்வு (வழக்கமான உச்சவரம்பு 90 நாள்), ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியீடு, 30 முதல் 60 நாள் மக்கள் கருத்து, முக்கியமான ஆட்சேபங்களுக்கெல்லாம் பதில், மீண்டும் ஆய்வு, இறுதி விதி. பெரிய விதியானால் நடைமுறைக்கு வர மேலும் 60 நாள். ஓராண்டுக்குக் குறைந்து முடிந்தால் அதிர்ஷ்டம். இதைக் குறுக்கே தாண்டியதால்தான் 2014-இல் அறிவித்த, குடிமக்களின் ஆவணமற்ற பெற்றோரை நாடு கடத்தாமல் விடும் ‘டாபா’ திட்டம் 2015 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் முடங்கியது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் அது எழவே இல்லை.

தாமதித்தாலும் ஆபத்து. 1996-இன் காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டப்படி, ஆட்சியின் கடைசி மாதங்களில் வந்த விதிகளைப் புதிய காங்கிரஸ் சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கலாம். ‘பெருமளவு அதே மாதிரியான’ விதியைத் துறை மறுபடி கொண்டுவரவும் முடியாது. 2017-இன் முதல் சில மாதங்களில் ஒபாமா காலத்து 14 விதிகள் இப்படிப் போயின. நல்ல விதி என்று தேர்தல் ஆண்டின் இலையுதிர்காலம் வரை மெருகேற்றிக்கொண்டிருப்பது, அதை எதிரிக்குக் கொடுப்பதற்குச் சமம்.

விதியாக மாறாத ஆணையின் ஆயுள் இன்னும் குறைவு. 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் ஒரே ஆணையில் பைடனின் 78 ஆணைகளையும் நடவடிக்கைகளையும் நீக்கினார். மறுநாள் போனது, அரசு ஒப்பந்ததாரர்களுக்காக லிண்டன் ஜான்சன் 1965-இல் கையெழுத்திட்ட சமவாய்ப்பு ஆணை 11246. ஏறத்தாழ 60 ஆண்டு இரு கட்சி அதிபர்களும் நீக்காமல் விட்டதை எல்லாரும் சட்டம் என்றே நினைத்துவிட்டார்கள்.

வாய்

நுணலும் தன் வாயால் கெடும். தடுப்பூசி விதியை ‘சுற்றிப்போகும் வழி’ என்று பாராட்டிய ஒரு பதிவை வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் ரான் கிளெய்ன் மறுபகிர்வு செய்தார். ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தீர்ப்பிலேயே குறித்தது. கடனைத் தள்ளும் அதிகாரம் அதிபருக்கு இல்லை என்று பிரதிநிதிகள் சபையின் அன்றைய தலைவர் நான்சி பெலோசி 2021-இல் சொன்னதை, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 2023 தீர்ப்பில் மேற்கோள் காட்டினார். சொந்தக் கட்சித் தலைவரின் வாக்குமூலத்தைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

யார் பணம் இழக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்குத் தொடுக்கும் தகுதி அங்கிருந்து வருகிறது. கடன் வழக்கில் மிசௌரி மாநிலம் உள்ளே வந்தது, அதன் கடன் சேவை அமைப்பான மொஹீலா ஆண்டுக்கு 4.4 கோடி டாலர் கட்டணத்தை இழக்கும் என்ற ஒற்றை வாதத்தில்.

பண விஷயத்தில் மறுபேச்சே இல்லை. கியூபாவிலுள்ள குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூட 2009 ஜனவரி 22 அன்று ஒபாமா ஆணையிட்டார். கைதிகளை அமெரிக்காவுக்குள் மாற்ற நிதி இல்லை என்றது காங்கிரஸ். கதை முடிந்தது.

ஆணை வந்ததும் பட்டாசு வெடிப்பவர்கள் முதலில் வினைச்சொற்களைப் படிக்கட்டும். ‘ஆராயும்’, ‘180 நாட்களுக்குள் அறிக்கை தரும்’ என்று இருந்தால் இன்னும் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். கடைசிப் பத்தியில் ‘இந்த ஆணை எவருக்கும் நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க உரிமை எதையும் அளிக்காது’ என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். துறை சும்மா இருந்தால் அந்த ஆணையைக் காட்டி வழக்குப் போட முடியாது.

அமலாகும் தேதியும் அப்படித்தான். ஒப்பந்தத் தொழிலாளர்க்கு 15 டாலர் என்று பைடன் கையெழுத்திட்டது 2021 ஏப்ரல் 27. தொழிலாளர் துறை விதி எழுதி முடித்து அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 30, அதுவும் புதிய, புதுப்பித்த ஒப்பந்தங்களுக்கு மட்டும். 2025 மார்ச்சில் ட்ரம்ப் அதை நீக்கினார். ஒபாமாவின் 2014 ஆணையை அந்த நீக்கம் தொடவில்லை. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஊதியம் உயரும் என்ற ஒரு பிரிவை அதில் எழுதிவைத்திருந்தார்கள். 10.10 டாலரில் தொடங்கிய அந்த ஊதியம் 2025 மே மாதத்தில் 13.30 டாலர்.