டெக் நகரங்களுக்கு வெளியே இருக்கும் இன்ஜினியர் தன்னை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

"எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்." நன்றாக வேலை செய்கிறவர்களே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், சாதனை படைத்த பெண்களிடம் இந்த எண்ணத்தைக் கண்டு எழுதினார்கள். பட்டமும் பாராட்டும் இருந்தும், எப்படியோ எல்லோரையும் ஏமாற்றிவிட்டோம் என்றே அந்தப் பெண்கள் நம்பினார்கள்.

டெக் நகரங்களிலிருந்து தள்ளி, சின்ன டீமில் அல்லது தனி ஆளாக வேலை செய்கிறவரிடம் இந்த எண்ணம் சுலபமாக வேர்விடும். பக்கத்து மேசையில் இன்னொருவர் திணறுவதைப் பார்க்க அவருக்கு வாய்ப்பே இல்லை. மற்றவர்கள் முடித்துக் காட்டிய வேலை மட்டும்தான் கண்ணில் படுகிறது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

அவற்றில் பெரியது, மேடையில் ஒருவர் நாற்பது நிமிடம் பேசியதை நம் அன்றாட வேலையோடு ஒப்பிடுவது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் எத்தனை நாள் குழப்பம் இருந்தது என்று வீடியோவில் தெரியாது. கமிட் வரலாற்றில், அதாவது கோடில் செய்த ஒவ்வொரு மாற்றமும் (கமிட்) வரிசையாகப் பதிவாகும் இடத்தில், தெரியும். லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு பிழையைத் திருத்தும் கமிட்டின் கீழே பெரும்பாலும் 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரி இருக்கும். பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் அதில் இருக்கும். எந்த மாற்றத்தில் தவறு நுழைந்தது என்பது உலகமே பார்க்கும்படி பதிவாகிறது. சில நேரம் பழைய கமிட்டை எழுதியவரும் இப்போது திருத்துகிறவரும் ஒரே ஆள்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள்.

2017 ஜனவரி 31 அன்று, கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் வழிகள் பலவும் கைகொடுக்கவில்லை. நடந்த அத்தனையையும் அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தேடிப் படிப்பது, பக்கத்து மேசை இல்லாத குறையைக் கொஞ்சம் தீர்க்கும்.

அடுத்தது, பயம் வரும்போதெல்லாம் இன்னொரு கோர்ஸ், இன்னொரு சான்றிதழ் என்று ஓடுவது. தேவைக்கு மேல் தயாராகிறோம், வேலை நன்றாக முடிகிறது, "ராத்திரி பகலாக உழைத்ததால் தப்பித்தேன்" என்று சொல்லிக்கொள்கிறோம். திறமைக்கு அதில் பங்கே கிடைப்பதில்லை. கிளான்ஸ் விவரித்த சுழலும் இதேதான். அடுத்த வேலை வந்ததும் பயம் முதலிலிருந்து தொடங்கும்.

செய்த வேலையைத் தானே குறைத்துப் பேசுவதும் இதோடு ஒட்டியதுதான். ஒருமுறை சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிய லாக் ஃபைலை அழித்தேன், ஆனாலும் இடம் காலியாகவில்லை. ஃபைல்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கணக்கு, டிஸ்க் காட்டுவது வேறு கணக்கு. அழித்த ஃபைலை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் இன்னும் திறந்தே வைத்திருக்கிறது, அதனால்தான் இடம் விடுபடவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்க ஆனது. மறுநாள் கேட்டவரிடம் நான் சொன்னது, "சும்மா ரீஸ்டார்ட் பண்ணினேன்." ரீஸ்டார்ட் செய்ய ஒரு நிமிடம் போதும், எதை ஏன் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று தெரிவதுதான் வேலை. அப்புறம்தான் ஒரு நோட்டில் தேதி, என்ன உடைந்தது, எதை எதையெல்லாம் சந்தேகித்தேன், கடைசியில் என்ன காரணம் என்று நான்கு வரி எழுதி வைக்கத் தொடங்கினேன். பயம் வரும் நாளில் நினைவை நம்பாமல் அந்த நோட்டைப் புரட்டுகிறேன்.

கேள்வி கேட்பதைத் தள்ளிப்போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ன முயன்றீர்கள், எந்த எரர் வந்தது என்று சேர்த்துக் கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பெரிய நகரத்துக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். வேலைக்காகப் போவதென்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் 1978 ஆய்வில் இருந்தவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் துறையில் மதிக்கப்பட்டவர்களும் உண்டு, அவர்களையும் இந்த எண்ணம் விடவில்லை. மறுபக்கம், லினக்ஸ் 1991இல் ஹெல்சின்கியில் ஒரு மாணவர் தொடங்கியது. லுவா என்ற புரோகிராமிங் மொழி 1993இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் அதிகம். உண்மையான குறையையும் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கோடு ரிவ்யூ (எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது) இல்லாமல் வருடக்கணக்கில் தனியாக வேலை செய்தால் சில இடைவெளிகள் விழத்தான் செய்யும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, எது தெரியாது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதைத் தாண்டி எழுத வரவில்லையென்றால் அது பெரும்பாலும் பயம். "குவெரி பிளானைப் (டேட்டாபேஸ் தகவலைத் தேடும் வழி) பார்த்து இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) பயன்படுகிறதா என்று சொல்லத் தெரியாது" என்று எழுத முடிந்தால், இந்த வாரம் உட்கார்ந்து படிக்க வேண்டியது எது என்று கையிலேயே இருக்கிறது.