வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டடி ரீஃப் தொட்டி: உப்பு கலப்பதிலிருந்து முதல் பவளம் வரை

சிங்கப்பூரில் ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு, ஹீட்டர் தேவைப்படாது. அந்தக் காசு குளிர்விப்பதில் போய்விடும். ஏர்கான் போடாத ஹாலில் தொட்டித் தண்ணீர் 29, 30 டிகிரியில் நிற்கும். பம்பும் விளக்கும் சேர்ந்தால் இன்னும் ஏறும். பவளத்துக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. தொட்டி வாங்கும் முன்பே அதை எங்கே வைப்பது, எப்படிக் குளிர்விப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாலை வெயில் அடிக்கும் சன்னலோரம் வேண்டவே வேண்டாம். கல், மணல், அலமாரி எல்லாம் சேர்த்து எடை 130 கிலோவைத் தாண்டும் என்பதால் அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 60 × 40 × 40 செ.மீ. தொட்டி. கடையில் 96 லிட்டர் என்பார்கள். கண்ணாடித் தடிமன், மேலே விடும் இடைவெளி, பாறை, மணல் எல்லாம் கழித்தால் மிஞ்சும் தண்ணீர் ஏறத்தாழ 75 லிட்டர். உப்பானாலும் அமோனியாவானாலும் இந்த 75-ஐ வைத்தே கணக்கிடுங்கள்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசும் சிறிய ஃபேன் 2, 3 டிகிரி இறக்கும். மழை நாளில் காற்றில் ஈரம் கூடினால் அந்தளவு இறங்காது. கடினப் பவளம் வளர்க்கும் எண்ணமிருந்தால் 1/10 குதிரைத்திறன் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கிவிடலாம். ஆனால் அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். தான் வெளியே தள்ளும் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும், மின்கட்டணம்தான் ஏறும்.

ஃபேனுக்கு இன்னொரு விலையும் உண்டு. அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. தினமும் ஒன்றரை லிட்டர் போகிறது என்று வையுங்கள். உப்பு ஆவியாகாது, மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவு 37-ஐத் தாண்டிவிடும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது நன்னீர், உப்புநீர் அல்ல. தானே ஊற்றும் கருவி வைத்தால் அதன் சேமிப்புக் கலனை 5 லிட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் மேல் நத்தை ஏறி மொத்தமும் கொட்டினாலும் உப்பளவு 33-க்கு அருகில்தான் நிற்கும், தொட்டி பிழைத்துக்கொள்ளும். குழாய் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் பம்பு நின்ற பிறகு தொட்டித் தண்ணீர் சைஃபனாகிக் கலனுக்கு இறங்கும். நுனி மேலேயே இருக்கட்டும்.

குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையானதுதான். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிநீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறது. ‘ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும்’ என்ற பழைய வழி இதற்குப் பலிக்காது. சாதாரணக் குளோரின் நீக்கி குளோரமினை உடைக்கும், ஆனால் அமோனியாவை மிச்சம் வைக்கும். சமையலறைக் குழாயில் மாட்டும் சிறிய ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டிதான் (சவ்வு வழியே வடித்து, மிச்ச அயனிகளையும் நீக்குவது) சரியான வழி. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 வர வேண்டும். கரித் துண்டைக் காலத்தில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் குளோரமின் உள்ளே நுழைந்து சவ்வைக் கெடுக்கும். கழிவாக வரும் தண்ணீரில் வீடு துடைக்கலாம்.

தண்ணீரை முதலில் நிரப்பி, அதில் உப்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. 75 லிட்டருக்கு 2.8 கிலோ அளவில் போகும். பையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பு போட்டு ஒரு நாள் கலக்கி, 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி 1.026 வருகிறதா என்று உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். அதை 35 பிபிடி கரைசலில் சரிசெய்ய வேண்டும். வெறுந்தண்ணீரில் சரிசெய்த கருவி மேல் அளவில் தவறு காட்டலாம்.

பாறை 7, 8 கிலோ போதும். முதலில் பாறையைக் கண்ணாடித் தரையில் நேரடியாக நிறுத்தி, பிறகு 1–2 மி.மீ. அரகோனைட் மணல் 8 கிலோ பரப்புங்கள். மணல் மேல் பாறை வைத்தால், கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் தோண்டியதும் சரியும். கடையில் ஈரமாக விற்கும், பாக்டீரியா குடியிருக்கும் உயிர்ப்பாறை சைக்கிளை (அமோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகும் கட்டத்தை) விரைவாக்கும், ஆனால் ஐப்டேசியா என்ற தொல்லைக் கடற்சாமந்தியும் மாண்டிஸ் இறாலும் கூடவே வரலாம். அதற்காக யாராவது பாறையைக் கொதிக்க வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அதில் ஸோவாந்தஸ் என்ற பவள வகை ஒட்டியிருந்தால் அதன் பாலிடாக்சின் விஷம் ஆவியோடு கிளம்பி வீட்டிலுள்ளவர்களை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும்.

நீரோட்டத்துக்கு மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் தள்ளும் அலை பம்பு போதும்.

இனி சைக்கிள். தேக்கா சந்தையில் வாங்கிய இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுவது பழைய முறை. நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். எவ்வளவு அமோனியா வந்தது என்று தெரியாது, பாஸ்பேட்டும் ஏறும். அமோனியம் குளோரைடு வாங்குங்கள். 10 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் கரைத்தால், அதில் 47 மி.லி. 75 லிட்டர் தொட்டியை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அமோனியாவுக்குக் கொண்டுவரும். கூடவே புட்டி பாக்டீரியாவை ஊற்றுங்கள். கூரியர் வண்டியில் நாளெல்லாம் வெந்து வந்த புட்டியைவிட, குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கடையில் வாங்குவது மேல். விளக்கை அணைத்து வையுங்கள், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் யு.வி. (புற ஊதா) விளக்கும் ஓட வேண்டாம். பம்பு மட்டும் நிற்கக் கூடாது.

இரண்டு நாளுக்கொரு முறை சோதியுங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் அளவுகோலைத் தாண்டிச் சிவக்கும். அமோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் மறுபடி 47 மி.லி. ஊற்றுங்கள். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணி ஏற்றிக் காட்டும். இரவில் 2 பிபிஎம் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் சைக்கிள் முடிந்தது. காய்ந்த பாறையில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புட்டியில் ‘ஏழு நாள்’ என்று போட்டிருந்தாலும் கிட் சொல்வதையே கேளுங்கள்.

சைக்கிள் நடுவில் அப்படியே நின்றுவிட்டால் பார்க்க வேண்டியவை சில. அமோனியா 5 பிபிஎம்மைத் தாண்டியிருக்கலாம். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் நேரடியாகப் போயிருக்கலாம். பலர் பார்க்காமல் விடுவது கே.எச்., அதாவது காரத்தன்மை. பாக்டீரியா வேலை செய்யும்போது அதைத் தின்னும். ஒவ்வொரு 2 பிபிஎம் அமோனியாவும் ஏறத்தாழ 0.7 டி.கே.எச். (காரத்தன்மை அலகு) குறைக்கும். மூன்று நான்கு முறை ஊற்றியபின் 8 இருந்த இடத்தில் 6 இருக்கும். 7-க்குக் கீழே போனால் சமையல் சோடாவைக் கரைத்து ஏற்றுங்கள். அதேபோல, ஏர்கான் போட்டு மூடிய படுக்கையறையில் பி.எச். இரவில் 7.8-க்கு இறங்குவது அறையில் சேரும் கரியமில வாயுவால். அதற்கு மருந்து ஊற்றாமல் சன்னலைத் திறந்தாலே போதும்.

முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, பாசி தின்னும் ட்ரோகஸ் நத்தை நான்கு விடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு ஜோடி கோமாளி மீன். முடிந்தால் மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். கடல் வெண்புள்ளி என்ற மீன் ஒட்டுண்ணி நோய் உள்ளே நுழைந்துவிட்டால், தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைக்கச் சொல்வதுதான் வழக்கம். கல் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து கூடவே கூடாது. மேலே வலை மூடி போடுங்கள், மீன் குதிக்கும்.

இரண்டாம் மாதத்தில் பழுப்புப் படலம் வரும், பிறகு பச்சை முடிப்பாசி. பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கினால் டைனோ (டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர்ப் படலம்) பிடித்துக்கொள்ளும், அது இன்னும் மோசம். நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம் இருக்கட்டும், வாரம் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றுங்கள்.

டெங்கிக்காகப் புகை அடிக்கப்போவதாக லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டினால் அசட்டையாக இருக்காதீர்கள். கொசுமருந்தில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும், மீனையும் விடாது. அந்த வேளையில் சன்னலைச் சாத்தி, காற்றை இழுக்கும் ஸ்கிம்மரையும் ஏர்பம்பையும் நிறுத்தி, தொட்டியைத் துணியால் மூடுங்கள். அலை பம்பு ஓடட்டும். மின்சாரக் கொசுவிரட்டித் திரவமும் தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம்.

பவளத்தை மூன்றாம் மாதத்தில் தொடங்கலாம்: காளான் பவளம், ஸோவாந்தஸ், டங்கன். ஸோவாவைக் கையுறை போட்டுத் தொடுங்கள். பச்சை நட்சத்திரப் பாலிப்பைத் தனிக் கல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டி முழுக்க அதுதான். சிராங்கூன் நார்த், பாசிர் ரிஸ் ஃபார்ம்வே பக்கம் கடைகளில் துண்டுகளாகக் கிடைக்கும். ஜொகூரில் மலிவு என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கடினப் பவளங்கள் சைட்டிஸ் (அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம்.