சுவரை நடுவிலிருந்து கட்டாதீர்கள்: கான்செப்ட் ஆல்பம் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அண்ணன் மகன் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரியில் வந்து இறங்கினான். காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "சித்தப்பா, நீங்க சொன்ன 'தி வால்' கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாட்டு மட்டும்தான் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் ஒன்னும் புரியல" என்றான். போனை வாங்கிப் பார்த்தேன். 26 பாட்டும் ஷஃபிளில் கலைந்து ஓடிக்கொண்டிருந்தன.

அவன்மேல் குறை இல்லை. ஒரே கதையோ ஒரே கருத்தோ முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஓடினால் அது கான்செப்ட் ஆல்பம். நீண்ட பாட்டும் சிக்கலான தாளமும் கொண்ட புரோகிரெசிவ் ராக் பக்கம் வருகிற பலரும் இப்படித்தான் தொடங்கி, இப்படியே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது அதிகம்.

முதல் தவறு அந்த ஷஃபிள்தான். பிங்க் ஃபிளாய்ட் 1979இல் வெளியிட்ட 'தி வால்', பிங்க் என்ற பாடகன் தன்னைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொள்ளும் கதை. போரில் இறந்துபோன அப்பா ஒரு செங்கல், கொடுமைப்படுத்தும் வாத்தியார் ஒரு செங்கல், பொத்திப் பொத்தி வளர்த்த அம்மா ஒரு செங்கல். எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பள்ளிக்கூடப் பாட்டு உண்மையில் மூன்று பகுதிகளில் இரண்டாவது. முதல் பகுதி அப்பா இல்லாத வீட்டின் துக்கம்; அடங்கிய குரலில் வரும். மூன்றாவதில் எனக்கு யாருமே வேண்டாம் என்று கத்துகிறான். மூன்றுக்கும் மெட்டு ஒன்றுதான். நடுவில் உள்ளதை மட்டும் கேட்டால் பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் ஒரு ஜோரான பாட்டு, அவ்வளவுதான். அப்பாவுக்காக அழுத அதே மெட்டில் இந்தப் பிள்ளைகள் கோபமாகப் பாடுகிறார்கள் என்று காதுக்குத் தெரியும்போதுதான் உடம்பு சிலிர்க்கும். பல்லவி திரும்பி வரும்போது சரணத்தின் பாரத்தையும் சேர்த்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி. பல்லவியை மட்டும் வெட்டி எடுத்தால் அந்தப் பாரம் எங்கிருந்து வரும்?

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று: போனில் உள்ள செட்டிங். சில செயலிகள் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சின்ன இடைவெளி விடும். சில, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டும் கெடுதல். 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. உள்ளே பாட்டுக்குப் பாட்டு ஒலி ஒழுகி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டால் வேறு ஏதோ ஆல்பம் கேட்ட மாதிரி ஆகிவிடும். ஒருமுறை செட்டிங்கைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள், போதும்.

கதையைத் தேடிக்கொண்டே கேட்பதும் தவறு. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் பாத்திரமும் இல்லை, சம்பவமும் இல்லை. காலம், பணம், சாவு, புத்தி பேதலிப்பு என்று ஒரே கவலையைப் பல பக்கமிருந்து தொட்டுப் பார்க்கிறது. 'கான்செப்ட்' என்றால் கதை என்று நினைத்துப் பாடல் வரிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் தடவை வரிகளைப் பார்க்காமலே கேளுங்கள்.

அப்புறம், "இதெல்லாம் வித்தை காட்டுறது" என்ற பேச்சு. ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்' (1972) முழுதும் ஒரே பாட்டு. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும் என்பதற்காகத்தான் நடுவில் ஒரு முறிவு. கேட்டால் நீளம் தெரியாது, மெட்டுகள் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். தாளம் புரியவில்லை என்று தமிழர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' ஏழு அடி. கோயிலில் மிருதங்கம் கேட்டு வளர்ந்தவருக்கு அது மிஸ்ர சாபு. தகிட தகதிமி என்று தொடையில் தட்டிப் பாருங்கள். கிட்டார் தனியாக வரும் இடத்தில் நாலுக்கு மாறி, மறுபடி ஏழுக்குத் திரும்பும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் நமக்குக் கை தானாகப் போகும்.

நேரத்தையும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ஜார்ஜ் டவுன் வந்துவிடும், இசைத்தட்டின் ஒரு பக்கம்கூட முடியாது. முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாத இரவு வேண்டும். ஒரே தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லவும் வேண்டாம். எனக்கே மூன்றாம் தடவைதான் பிடிபட்டது.

அன்று இரவு அவனை உட்கார வைத்து, லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய, அட்டை ஓரம் கறையான் அரித்த 'தி வால்' இசைத்தட்டைப் போட்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் சுவர் முழுதாக எழும்பிவிடுகிறது. தட்டை மாற்ற நான் எழுந்தபோது அறையில் சத்தமே இல்லை. அவனும் போனைத் தொடவில்லை. மூன்றாம் பக்கம், சுவருக்குப் பின்னாலிருந்து யாரையோ கூப்பிடும் குரலோடு தொடங்கியது.

நாலாம் பக்கம் முடியும்போது மெல்லிய இசைக்கு நடுவே ஒரு குரல் ஏதோ கேட்க ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் நின்றுபோகும். "அப்புறம்?" என்றான். மீதி வாக்கியம் முதல் பக்கத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது என்றேன். மணி பதினொன்றரை. அவனே எழுந்து போய் முதல் தட்டைத் தேடி எடுத்தான்.